தண்ணீர் விஷயமாகக் கண்ணுக்கு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணினேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். நீ திருப்போரூர் பக்கம் ஏதோ தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார். வாராவாரம் போகிறாயாம். காரில் பின்சீட்டை மடக்கிவிட்டுக் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறாயாம். வந்ததும் கூப்பிடுவாய் என்று சாயங்காலம் வரை போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ராத்திரிதான் மெசேஜ் வந்தது. "குழாய்த் தண்ணியில குளோரின் வாடை தாங்கல அம்மா. இப்ப நல்ல தண்ணி கிடைச்சிருக்கு. கவலைப்படாதே."

கவலைப்படாதே என்று நீ எழுதும்போதுதான் எனக்குக் கவலையே வருகிறது. போனில் பேச ஆரம்பித்தால் குக்கர் கூப்பிடுகிறது, மீட்டிங் இருக்கிறது என்று போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, எவ்வளவு ருசியாக இருந்தாலும் சரி. தெளிவும் ருசியும் கிருமி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இத்தனை வருஷம் தண்ணீர் லேபில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி கோயம்புத்தூரில் இருக்கிறாள் கண்ணு. கிணறு தேடிப் போகும் முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

குளோரினைப் பற்றி நீ போன மாதம் அனுப்பிய ஆய்வுகளையெல்லாம் முழுசாகப் படித்தேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தேன். இவ்வளவு தேடிப் பிடித்திருக்கிறாயே என்று பெருமையாகத்தான் இருந்தது. டிரைஹாலோமீத்தேன் என்றால் என்னவென்று எங்கள் ஆபீசிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நீ படித்ததில் பொய் எதுவும் இல்லை. தண்ணீரில் மக்கிய இலை தழைச் சத்து இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரோஃபார்ம் மாதிரிச் சிலவற்றை உண்டாக்கும், அவற்றுக்குத்தான் அந்தப் பெயர். 1974இல் ரோட்டர்டாம் தண்ணீர் நிலையத்தில் ரூக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். அதன் பிறகுதான் ஒவ்வொரு நாடும் இதற்கு அளவு வைத்தது. நம் நாட்டுத் தரத்தில் குளோரோஃபார்ம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கடல் உப்பு ஏறியிருப்பதால் புரோமின் சேர்ந்த வகைகளும் வரலாம், அவற்றுக்கும் அளவு உண்டு. அந்த அளவெல்லாம் வருஷக்கணக்காகக் குடிப்பவரை மனதில் வைத்துப் போட்டது. கிருமி வேறு. ஒரே ஒரு டம்ளர் போதும் அதற்கு.

1992 கடைசியில், நீ பிறப்பதற்கு முன்னால், மெட்ராஸில் புது வகைக் காலரா கிளம்பியது. ஓ139 என்று நம்பர் போட்டார்கள். நான் அப்போது வேலைக்குப் புதிது. மூடி போட்ட சின்னச் சீசாவில் தண்ணீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுப் போவோம். உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். மலக்கிருமி கலந்த தண்ணீராக இருந்தால் காலையில் சீசாவே கறுத்திருக்கும். கறுத்துப்போன சீசாக்களில் பாதி, கண்ணாடி மாதிரி இருந்த கிணற்றுத் தண்ணீர். "இந்தத் தண்ணியைத்தானுங்க எங்க தாத்தா காலத்துல இருந்து குடிக்கிறோம்" என்பார்கள் கொண்டுவந்தவர்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் மாட்டுக் கொட்டகையும் செப்டிக் டேங்க்கும் வந்ததைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தத் திருப்போரூர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? மழை பெய்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் அதில் இறங்குகிறது? தோட்டத்துக்கு யூரியா போடுகிறார்களா? போட்டால் நைட்ரேட் இறங்கியிருக்கும். அதற்கு வாடையும் கிடையாது, ருசியும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்கு... சரி, அது இப்போது வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்காதே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

குளோரின் வாடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் கூடிப்போச்சு என்று மட்டும் நினைக்காதே. தண்ணீரில் ஏற்கெனவே அம்மோனியா, அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகும். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாடை. உங்கள் அபார்ட்மென்ட்டில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர், போர் மூன்றும் ஒரே சம்ப்பில்தான் விழுகின்றன. அதில் பிளீச்சிங் பவுடர் போடுவது வாட்ச்மேன், அதுவும் கைக்கணக்கு. போன பொங்கலுக்கு வந்தபோது நானே பார்த்தேன். பவுடர் மூட்டையை வாய் திறந்தபடி மோட்டார் ரூமில் போட்டிருந்தார்கள். திறந்து வைத்தால் வீரியம் போய்விடும், அப்புறம் பத்தவில்லை என்று இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடுவார்கள். சம்ப்பைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று அசோசியேஷனில் கேள். வீட்டுக் குழாயில் மீதக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் போதும், 1க்கு மேல் வேண்டாம். அதைப் பார்க்கும் கிட் கடையில் கிடைக்கிறது. சின்ன வயதில் லீவு நாளில் ஆபீசுக்கு வந்து, குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, மஞ்சளை அட்டையோடு ஒத்துப் பார்த்து, "பாயின்ட் டூ! பாயின்ட் டூ!" என்று வராந்தா முழுக்கக் கத்துவாயே. அந்தப் பெண் குளோரினைப் பார்த்துப் பயப்படுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. அந்த போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர்தான் குளோரினையும் நீ பயப்படும் மற்றதையும் பிடிக்கிறது. அதைக் காலத்தில் மாற்று. மாற்றாமல் விட்டால் பிடிக்கிற சக்தி போய்விடும். ஆர்.ஓ. வழியாக வந்த தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது, அதனால் நாள் கணக்கில் வைத்துக் குடிக்காதே. ஆர்.ஓ. ரிப்பேர் என்றால் மூடியைத் திறந்துவைத்துக் கொதிக்க விடு. தளதளவென்று கொதித்தால் கிருமியும் சாகும், குளோரோஃபார்மும் ஆவியில் போய்விடும். அம்முச்சியின் செம்புக் குடம் உன்னிடம்தான் இருக்கிறது. புளி போட்டு நன்றாகத் துலக்கி, கொதித்து ஆறிய தண்ணீரை அதில் ஊற்றி வை. கேன் தண்ணீரை நீ நிறுத்தியது சரி. உள்ளே பச்சை படிந்த கேனை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஆனால் கேனை விட்டுக் கிணற்றுக்குப் போனதுதான் எனக்குப் புரியவில்லை.

புரியவில்லை என்று எழுதிவிட்டேன். புரிகிறது கண்ணு.

நீ அனுப்பியதில் ஒன்றை மட்டும் மஞ்சள் கோடு போட்டு அனுப்பியிருந்தாய். 1998இல் கலிஃபோர்னியாவில் செய்தது. டிரைஹாலோமீத்தேன் கூடுதலாக இருந்த குழாய்த் தண்ணீரை நாளுக்கு 5 டம்ளரோ அதற்கு மேலோ குடித்த கர்ப்பிணிகளுக்குக் கரு கலைவது அதிகமாக இருந்தது என்று சொல்லும் ஆய்வு. கூட ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அதே கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் மூன்று இடங்களில் 2,400க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை இன்னும் கவனமாகத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். புரோமின் சம்பந்தமாக ஒரு சின்னச் சந்தேகத்தைத் தவிர, முதல் ஆய்வு சொன்னது பொதுவில் நிற்கவில்லை. அதையும் தேடிப் படி. ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைப் படிக்காமல் விடுகிற பெண் இல்லை நீ. உன் டாக்டரும் சொல்லியிருப்பார், முதல் மூன்று மாதத்தில் இப்படி ஆவதில் பாதிக்கு மேல் குரோமோசோம் சரியாகச் சேராததால் என்று. அதற்கு நீ என்ன குடித்தாய், என்ன தூக்கினாய், எந்தப் படி ஏறினாய் என்பதெல்லாம் காரணமே இல்லை. நீ அப்போது குழாய்த் தண்ணீர் குடித்தது தப்பில்லை கண்ணு. ஆபீசில் குடித்ததும் தப்பில்லை.

இன்னொன்று. உனக்கும் தம்பிக்கும் நடுவில் எனக்கும் ஒன்று தங்காமல் போனது. உங்கப்பாவுக்கும் அம்முச்சிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அதைப் பேச மாட்டார்கள், நானும் பேசவில்லை. நம் வீட்டில் அப்போது சிறுவாணித் தண்ணீர்தான். அதைவிட நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் தண்ணீரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. லேபில் கை வைத்த மருந்து ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னேன். குளோரின் பார்க்க ஊற்றும் ஆர்த்தோடாலிடின் சீசாவைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். பஸ் குலுக்கலைச் சொன்னேன், பப்பாளியைச் சொன்னேன். கடைசியில் என்னையே சொன்னேன். டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கத்தான் ரொம்ப நாள் ஆனது. நீ குடத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது.

நல்ல தண்ணீர் தேடுவதை நான் தடுக்கவில்லை. அடுத்த தடவைக்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று உனக்கு இருக்கும், இருக்கட்டும். ஆனால் அதற்குப் பச்சைக் கிணற்றுத் தண்ணீர் வழியல்ல. அது இன்னும் பயம். ஹெப்படைடிஸ் இ என்ற மஞ்சள் காமாலை தண்ணீரில்தான் பரவுகிறது, வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்கு அது மற்றவர்களைவிடப் பல மடங்கு ஆபத்து. 1955இல் டெல்லியில் யமுனையில் சாக்கடை கலந்து 29,000 பேருக்கு வந்தது. அப்போது குளோரினைக் கூட்டிப் போட்டும் அந்த வைரஸ் தப்பிவிட்டது. குளோரின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று உனக்கு நான் சொல்லித் தரவில்லை, அதனால்தான் கொதிக்க வை, கொதிக்க வை என்கிறேன். குளோரினே போடாத தண்ணீர் என்றால் நானும் பயப்படுகிறேன்.

மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. கிணற்று விஷயத்தைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் குரலும் சரியில்லை, ராத்திரி சாப்பாட்டை ஒழுங்காகப் போடு, நீயும் சாப்பிடு. தம்பிக்கு அரியர் ஒன்று க்ளியர் ஆகிவிட்டது. உங்கப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை.

வியாழக்கிழமை கோவை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வர வேண்டாம் என்று போன் பண்ணாதே. பழைய ஆபீசில் சொல்லிப் பரிசோதனைப் பாட்டில்கள் வாங்கி வைத்திருக்கிறேன், அழுத்த நீராவியில் கிருமி நீக்கிக் காகிதம் சுற்றியது. நீ திறந்து பார்க்காதே, நான்தான் பிடிக்க வேண்டும். உன் வீட்டுக் குழாயில் ஒன்று, சம்ப்பில் ஒன்று, ஆர்.ஓ.வில் ஒன்று, அந்தக் கிணற்றில் ஒன்று. கிணற்றுக்கு நாம் ரெண்டு பேரும் போவோம், எனக்கும் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே அங்குள்ள லேபில் கொடுத்துவிடலாம். குளோரின், நைட்ரேட், கிருமி, கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். எல்லாம் பார்ப்பார்கள். டிரைஹாலோமீத்தேனுக்குத் தனி லேப் வேண்டும், அதையும் செய்துவிடலாம், காசு நான் தருகிறேன். எந்த நம்பர் வந்தாலும் உன் கையில் தருகிறேன், மறைக்க மாட்டேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆபீசுக்கு லீவும் போடாதே. ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். சாவியை எதிர்வீட்டில் கொடுத்து வை.

அம்மா

வியாழக்கிழமை வரைக்கும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.