தவிர்க்கச் சொன்ன தெருவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்காக உங்கள் இதழில் வந்த பாரிஸ் கட்டுரையைப் படித்தேன். அதில் நகரின் வடபகுதியில் இருக்கும் கார் து நோர், லாச்சப்பல், பார்பெஸ் மூன்றையும் பெண்கள் தவிர்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரே வரியில் முடித்திருந்தார் கட்டுரையாளர். நான் லாச்சப்பலில் குடியிருப்பவள். என் பிள்ளைகள் இங்கேதான் படித்தார்கள், வளர்ந்தார்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சில நாள் சுற்றிப் பார்க்க வருகிற பெண் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தன் கைப்பையையும் கைபேசியையும்தான். ஈஃபிள் கோபுரத்தடியில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுகிறவர்கள், சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் மணிக்கட்டில் நூலைக் கட்டிவிட்டுக் காசு கேட்கிறவர்கள், மெட்ரோவின் கதவு மூடும் நேரம் பார்த்துப் பைக்குள் கைவிடுகிறவர்கள் என்று கட்டுரையாளர் சொன்னதெல்லாம் சரி. அவற்றோடு சேர்த்து, ஆயிரக்கணக்கான பெண்கள் அன்றாடம் நடமாடும் ஒரு குடியிருப்பையே ஆபத்து என்று எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லாச்சப்பல் என்றால் எங்களுக்கு ரு பஜோல் என்ற தெருவில் இருக்கும் மாணிக்க விநாயகர் ஆலயம். ஃபோபூர் சேன் தெனித் தெருவிலும் ரு காயிலும் வரிசையாக இருக்கும் மளிகைக் கடைகள், புடவைக் கடைகள், நகைக் கடைகள். முருங்கைக்காயும், பனங்கிழங்கை உலர்த்தி அரைத்த ஒடியல் மாவும் வாங்கப் புறநகரிலிருந்து ரயிலேறி வரும் அம்மாக்கள். கோடை முடிகிற சமயத்தில் விநாயகர் தேர் வெளிவரும் நாளில், தலையில் கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள் வெறுங்காலோடு நடுத்தெருவில் நடந்து போகிறார்கள்.

ஆனால் இங்கே பயமே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். மாலையில் லாச்சப்பல் மெட்ரோ நிலையத்திலிருந்து இறங்கி வருகிற ஒரு பெண்ணைக் கவனித்துப் பாருங்கள். கடைசிப் படிக்கு வருமுன்பே தாலிக்கொடியைச் சால்வைக்குள் தள்ளிக்கொள்வாள். கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். மேலே 2ஆம் தட ரயில் ஓடும் இரும்புப் பாலம். கீழே கள்ளச் சிகரெட் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு கூவும் ஆண்கள். ஒருபுறம் தடுப்புக் கம்பி, மறுபுறம் கடைச் சுவர். நடுவில் இருக்கும் இடைவெளியில் யார் மீதும் உரசாமல் போக வழியில்லை. அந்த நெருக்கத்தைச் சாக்காக வைத்து உரசுகிறவர்களும் உண்டு. திரும்பிப் பார்த்தால் பத்து முகங்கள் இருக்கும். யாரென்று எப்படிச் சொல்வது?

2017 மே மாதம் இந்தப் பகுதிப் பெண்கள் சிலர் ஒரு மனு எழுதினார்கள். தெருவில் நடக்கவே முடியவில்லை, ஏச்சும் சீண்டலும் தாங்கவில்லை என்ற அந்தக் குரலை ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு ஆதரித்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் நேரம் என்பதால் அரசியல்வாதிகளும் கேமராக்களும் வந்து குவிந்தன. சில நாள்களிலேயே பேச்சு பெண்களைப் பற்றியதாக இல்லாமல், பாலத்தடியில் படுத்திருந்த அகதிகளைப் பற்றியதாக மாறிப்போனது. எங்களை வைத்து அவர்களை விரட்டாதீர்கள் என்று இதே பகுதிப் பெண்கள் வேறு சிலர் எதிர்க்குரல் கொடுத்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. நானும் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவள்தான். அதற்காக, என் மகள் தெருவில் தலைகுனிந்து நடக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போது இங்கே வேட்பாளராக நின்ற கரோலின் தெ ஆஸ் என்ற பெண்ணியச் செயற்பாட்டாளர், நடைபாதைகளை அகலப்படுத்த வேண்டும் என்று சொன்னார். நாடே அவரைக் கேலி செய்தது. கேலி செய்தவர்களில் எத்தனை பேர் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சுவரோரம் நடந்திருப்பார்கள் என்று தெரியவில்லை. அகலமான பாதை ஆண்களைத் திருத்தாதுதான். ஆனாலும் விலகி நடக்க இடம் இருந்தால், உரசியவன் வேண்டுமென்றே உரசினான் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். என்னைப் பொறுத்தவரை அந்தத் தேர்தலில் எங்கள் காலடியைப் பார்த்துப் பேசிய ஒரே யோசனை அதுதான்.

இது லாச்சப்பலோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஆண் பெண் சமத்துவத்துக்கான பிரான்சின் உயர் மன்றம் 2015 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாரிஸைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் கேட்டறிந்தபோது, பொதுப் போக்குவரத்தில் ஒருமுறையாவது பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு நூறு. பணக்காரர்கள் வாழும் 16ஆம் வட்டாரத்துக்குப் போகும் ரயிலிலும் அதே கைகள்தான். அப்படியிருக்க, எந்தத் தெருவைத் தவிர்த்து எந்தத் தெருவில் நடப்பது?

2018 ஆகஸ்டில் வந்த சட்டம் தெருச் சீண்டலைக் குற்றமாக்கியது. உடனே கட்டினால் 90 யூரோ, அதிகபட்சம் 750 யூரோ அபராதம் என்று தொடங்கினார்கள். ரயில், பஸ் போன்ற இடங்களில் நடந்தால் 2023 ஏப்ரல் முதல் 3,750 யூரோ வரை விதிக்கலாம். சட்டம் வந்தது நல்லதே. ஆனால் ஆளைப் பிடித்தால்தானே அபராதம்!

என் தங்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஒருநாள் காலை 5ஆம் தட மெட்ரோவில் ஒருவன் அவள் மீது சாய்ந்து நின்றான். நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். பெட்டி நிறைய ஆட்கள் இருந்தும் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆப்பிரிக்க அம்மா மட்டும் எழுந்து, "மகளே, இங்கே வந்து உட்கார்" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அவனைப் பார்த்துப் பெட்டி முழுவதும் கேட்கும்படி ஏசினார். அடுத்த நிலையத்தில் அவன் இறங்கிப் போய்விட்டான்.

பிள்ளை அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போனாள். எந்த நிலையம் என்று எழுத விரும்பவில்லை. அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் உடனே வேறு பெட்டிக்கு மாறவில்லை என்பது. பிறகு "மேன் குரான்த்" என்ற குறிப்பேட்டில் இரண்டு வரி பதிந்து அனுப்பிவிட்டார்கள். அது வெறும் பதிவு. "ப்ளேன்த்" எனப்படும் முறைப்பாடு கொடுத்தால்தான் விவகாரம் அரச வழக்குரைஞரிடம் போகும். முறைப்பாட்டை ஏற்க மறுக்கக் காவல்துறைக்கு அதிகாரம் இல்லை. பிரெஞ்சு தெரியாத பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டியதும் அவர்கள் கடமை. அதற்கு நாம் காசு கட்டத் தேவையில்லை. எங்கள் பெண்களில் பலருக்கு இது தெரியாது. மொழி வராதே என்று கூசி, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

பாரிஸில் அதிகம் பயந்து நடப்பவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், விடியுமுன் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள் என்பேன். அலுவலகங்கள் திறக்குமுன் கூட்டித் துடைத்து முடிக்க வேண்டும். முதல் மெட்ரோ ஐந்தரை மணிவாக்கில். அதைப் பிடிக்கப் புறநகர்களான பொபினியிலும் லா கூர்நெவிலும் ஐந்து மணிக்கே வீட்டிலிருந்து இறங்குகிறார்கள். 2022இல் மின்சார விலை ஏறிய பிறகு, புறநகர் நகரசபைகள் பல நள்ளிரவு தாண்டியதும் தெருவிளக்கை அணைக்கத் தொடங்கின. கைபேசி வெளிச்சத்தில் நிலையத்துக்கு நடக்கும் அக்காமாரை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கணவனுக்கோ மகனுக்கோ தொலைபேசி எடுத்து, ரயிலில் ஏறும்வரை பேசிக்கொண்டே போவார்கள். எந்தச் சுற்றுலாக் கட்டுரையிலும் இவர்கள் வருவதில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். சீண்டுகிறவர்கள் எல்லோரும் வேற்று இனத்தார் என்று எங்கள் ஆட்கள் பேசுவது எனக்குக் கோபமூட்டுகிறது. மாலை நேரத்தில் எங்கள் கடைவாசல்களில் கூட்டமாக நின்று, போகிற வருகிற பெண்பிள்ளைகளைத் தலை முதல் கால்வரை அளப்பவர்கள் யார்? தமிழ்ப் பையன்கள்தான், அவர்களோடு நிற்கும் பெரியவர்கள்தான். கடை முதலாளி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் கலைந்துவிடுவார்கள். சில முதலாளிகள் அதைச் செய்கிறார்கள். அந்தக் கடைகளுக்குத்தான் நான் போகிறேன்.

அடுத்தமுறை இப்படியொரு கட்டுரை வெளியிடும்போது, தவிர்க்க வேண்டிய தெருக்களின் பட்டியலுக்குப் பதிலாகப் பயன்படும் தகவல்களைப் போடுங்கள். ரயிலிலோ நிலையத்திலோ தொல்லை என்றால் 3117ஐ அழைக்கலாம். பேச முடியாத நிலையில் 31177க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 17. வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிறவர்களுக்கு 3919, இலவசமாக, இரவும் பகலும். இரவு பத்து மணிக்குப் பிறகு பல பஸ் தடங்களில், ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொன்னால், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் வீட்டுக்குக் கிட்ட இறக்கிவிடுவார்கள்.

பாரிஸுக்கு வரும் உங்கள் வாசகிகள் லாச்சப்பலுக்கும் வரட்டும். பையை முன்பக்கம் போட்டுக்கொண்டு, பகலிலோ கடைகள் திறந்திருக்கும் மாலையிலோ வரட்டும். கோயிலுக்குப் போய், தோசை சாப்பிட்டு, தெருவில் ஆற அமர நடக்கட்டும். இன்னொரு பெண் அங்கே நடக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நடைபாதை எங்களுக்கும் கொஞ்சம் இலகுவாகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
லாச்சப்பல், பாரிஸ்