காகித விளக்குக்கூடு வகுப்பு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மீனாட்சிபுரத்தில் நம் கடை மாடியில் நடக்கும், தாளை மடித்து விளக்குக்கூடு (லேம்ப் ஷேட்) செய்யும் வகுப்பைப் பற்றி ஒரு குரல்பதிவு பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும்கூட அதை எனக்கே அனுப்பி, "இது உண்மையா அக்கா?" என்று கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லி மாளவில்லை.

"இரண்டு வகுப்பு முழுக்கக் கோடு போட வைத்தார்கள், கோடு போடவா காசு கொடுத்தோம்?" என்பதுதான் புகார். கோடு போட வைத்தது உண்மை. காசு பிடுங்க வைத்தோம் என்பது மட்டும் பொய். அதைக் கேட்டபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தக் கோடுகளில்தான் தாளை மடிக்க வேண்டும். 70 செ.மீ. தாளில் 2 செ.மீ.க்கு ஒரு கோடு என்றால் 34 கோடுகள். முந்தைய கோட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போய், ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக அரை மி.மீ. பிசகினால், கடைசிக் கோடு 17 மி.மீ. தள்ளி நிற்கும். வளைத்து ஒட்டும்போது இரு ஓரமும் சேராது. அதனால்தான் எல்லா அளவையும் தாளின் ஒரே முனையிலிருந்து குறிக்கச் சொல்கிறோம். அதன்பின் மை தீர்ந்த பேனாவால் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் மடிப்பு வழி தவறும், கூடினால் தாள் கிழியும். அந்தப் பதம் கைக்கு வர இரண்டு வகுப்பு அதிகமில்லை.

மரத்தைப் போலத் தாளுக்கும் இழை உண்டு. சார்ட் தாளை இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணங்குகிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் விழ வேண்டும். மாற்றி மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து நார் தெரியும். போதாததற்கு நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் குடித்த தாளில், கோடு சரியாக விழாத மடிப்பு ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும். டென்மார்க்கில் 1943இல் தொடங்கிய லே கிளிண்ட் நிறுவனத்தார் இன்றும் விளக்குக்கூடுகளைக் கையால்தான் மடிக்கிறார்கள். அவசரப்பட்டு முடிகிற வேலையாக இருந்தால் அவர்கள் எப்போதோ இயந்திரத்திடம் விட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் முதல் நாளே விளக்கியிருக்க வேண்டும். சொல்லாமல் கோடு போட வைத்தது என் தவறுதான். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்து வருடமாக உங்கள் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த அக்கா, மகளின் பேறுகாலத்துக்காகத் திருவனந்தபுரம் போய்விட்டார். அவர் பொறுமை எனக்கு வராது, கற்றுக்கொண்டிருக்கிறேன். நான் ஒருத்தியே நடத்துவதால் சனிக்கிழமை வகுப்பு இனி ஞாயிறு மாலை 3 மணி வகுப்போடு சேர்கிறது. தாள் விலை ஏறியதால் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 850 ஆகிறது. சனிக்கிழமைக்குக் கட்டியவர்களின் பணம் ஞாயிறு வகுப்புக்கு வரவு வைக்கப்படும், திரும்பத் தர இயலாது.

வெறும் நோட்டுப் புத்தகக் கடையாக இருந்த நாளிலிருந்து எங்களை விடாதவர்கள் நீங்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா தொடங்கியதுமே கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்யத் தாள் கேட்டு வரும் குடும்பங்கள், கடனுக்கு வாங்கி மறுநாளே கொண்டுவந்து தரும் பிள்ளைகள், குரல்பதிவைக் கேட்டதும் "நாங்கள் இருக்கிறோம்" என்று கடைக்கே வந்து நின்றவர்கள், உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இந்தக் கடை உங்களால்தான் நிற்கிறது.

கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் தாள் பழுத்துக் கருகும்.

குரல்பதிவு அனுப்பிய சகோதரிக்கு: உங்கள் கோடு போட்ட தாளை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நன்றாகவே போட்டிருக்கிறீர்கள். ஒரு ஞாயிறு வாருங்கள், மடித்து முடித்துவிடலாம். அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
கடைக்கார அக்கா