மலையகத்துக் கணித வகுப்புகளுக்கு ஆசிரியரைத் தாருங்கள்: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் மலையகப் பகுதிகள் அடங்கிய மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் கல்வி அமைச்சின் அதிகாரிகளுக்கும், மாகாண, வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் வணக்கத்துடன் எழுதுவது.

தரம் 11 முடிவில் நடக்கும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியானதும், கணிதத்தில் சித்தி வீதம் குறைந்திருக்கும் பாடசாலைகளின் அதிபர்கள் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் விளக்க வேண்டும் என்று ஒரு கல்வி வலய அலுவலகத்திலிருந்து கடிதம் அனுப்பப்பட்டிருக்கிறது. அக்கடிதத்தைப் பெற்றவர்களுள் எனக்கு நன்கு தெரிந்த ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபரும் ஒருவர். அவருடைய பாடசாலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கணித ஆசிரியர் இல்லை. இருந்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபோது பதிலுக்கு ஒருவர் நியமிக்கப்படவில்லை. வெற்றிடத்தை நிரப்பித் தருமாறு அதிபர் தவணைதோறும் எழுதிய கடிதங்களின் பிரதிகளை நான் வாசித்திருக்கிறேன். அவற்றுக்குப் பதில் இல்லை. ஆசிரியரைக் கேட்டவருக்கு ஆசிரியர் வரவில்லை. சித்தி வீதம் ஏன் குறைந்தது என்ற கேள்விதான் வந்தது. ஆண்டுக்கணக்காகக் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்குரிய விளக்கத்தை உங்களுக்கே எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவர்களை அனுப்பும் மலையகப் பாடசாலை ஒவ்வொன்றிலும், தரம் 6 முதல் தரம் 11 வரை, கணிதம் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவராவது நிரந்தரமாக இருக்க வேண்டும்.

இந்த வெற்றிடம் உங்கள் பதிவேடுகளில் எப்படித் தோன்றுகிறது என்று எனக்குத் தெரியாது. பாடசாலைக்குள் அது எப்படி இருக்கிறது என்பது தெரியும். நேரசூசியை எடுத்துப் பார்த்தால் கணிதப் பாடவேளைகள் எதுவும் காலியாக இருப்பதில்லை. எல்லாக் கட்டங்களிலும் யாரோ ஒரு ஆசிரியரின் பெயர் இருக்கும். திங்கட்கிழமை சமய பாட ஆசிரியர், செவ்வாய்க்கிழமை சித்திர ஆசிரியர், புதன்கிழமை உடற்கல்வி ஆசிரியர் என்று வகுப்பை யாராவது பொறுப்பேற்கிறார்கள். அவர்கள் மனச்சாட்சி உள்ளவர்கள். பாடநூலைத் திறந்து, செய்து காட்டப்பட்டிருக்கும் உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதுகிறார்கள், பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். இந்தப் படியிலிருந்து அடுத்த படி எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அந்த வகுப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. கேட்டுக் கேட்டுப் பதில் கிடைக்காத பிள்ளை சில வாரங்களில் கேட்பதை விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒழுங்கான, அமைதியான வகுப்பாகத் தெரியும். மேற்பார்வைக்கு வருபவர் கொப்பிகளைப் புரட்டினால் பக்கங்கள் நிறைந்திருக்கும்.

அந்தப் பாடசாலையிலிருந்து இம்முறை பரீட்சை எழுதிய ஒரு மாணவியை எனக்குத் தெரியும். தமிழ் மொழியில் அதிதிறமைச் சித்தி, வரலாற்றிலும் சமயத்திலும் திறமைச் சித்திகள், மற்றப் பாடங்களிலும் சித்தி. கணிதத்தில் மட்டும் சித்தியில்லை. பல்கலைக்கழகத்துக்கு வழியாகும் உயர் தர வகுப்புக்குச் செல்ல ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றுள் மூன்று திறமைச் சித்திகளாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும், தாய்மொழியும் கணிதமும் அந்த ஆறில் அடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த விதி. கலைப்பிரிவில் தமிழும் வரலாறும் புவியியலும் படித்து ஆசிரியராக வேண்டும் என்று விரும்பிய அந்தப் பிள்ளைக்கு, ஒருவரும் ஒழுங்காகக் கற்பிக்காத ஒரு பாடம் குறுக்கே நிற்கிறது. மீண்டும் தோற்றலாம் என்று சொல்வது எளிது. இரண்டாம் முறை அவளுக்கு யார் கற்பிப்பார்? நகரத்துத் தனியார் வகுப்புக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் சேர்ந்தால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயால் மாதம் முழுவதும் அதைத் தாங்க முடியுமா? கொழும்பில் ஓர் ஆடைத்தொழிற்சாலையில் வேலை இருப்பதாக அயலில் ஒருவர் அவளுடைய வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கணிதம் மற்றப் பாடங்களைப் போன்றதன்று என்பதைக் கணிதம் கற்பித்தவர்கள் அறிவார்கள். வரலாற்றில் ஓர் அலகைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த அலகை வாசித்து விளங்கிக்கொள்ளலாம். தரம் 6இலும் 7இலும் பின்னங்களையும் திசைகொண்ட எண்களையும் கையாளப் பழகாத பிள்ளையோ தரம் 9இல் சமன்பாட்டைத் தீர்க்க முடியாமல் நிற்கிறது. தரம் 10இல் அட்சரகணிதப் பின்னங்கள் வரும்போது பாடநூலின் மொழியே அதற்கு அந்நியமாகிவிடுகிறது. மடக்கையும் வட்டத் தேற்றங்களும் நிகழ்தகவும் தரம் 11இல் அடுத்தடுத்து வருகின்றன, அவை ஒவ்வொன்றும் முந்தைய ஆண்டுகளில் கற்றிருக்க வேண்டியவற்றின் மீது நிற்பவை. இரண்டு ஆண்டுகள் ஆசிரியர் இல்லாத வகுப்பு மூன்றாம் ஆண்டில் ஆசிரியர் வந்தாலும் உடனே எழுந்துவிடாது. வருகிறவர் அந்த ஆண்டுப் பாடத்தைக் கற்பிப்பதா, தரம் 7இன் பின்னங்களுக்குத் திரும்புவதா என்று தினமும் தடுமாறுவார். ஆகவேதான் தரம் 11இல் மட்டும் ஆசிரியரைத் தருவது போதாது, தரம் 6 முதல் தர வேண்டும் என்று கேட்கிறேன்.

இதற்குப் பரிகாரமாக ஆண்டுதோறும் நடத்தப்படுவது பரீட்சைக்கு முந்தைய கருத்தரங்கு. பரீட்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பல பாடசாலைகளின் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் அமர்த்தி, எதிர்பார்க்கை வினாக்களைத் தந்து விடை எழுதக் காட்டுகிறார்கள். சாதாரண சித்திக்கு 35 புள்ளிகள் போதும். முதலாம் வினாத்தாளின் முதற்பகுதியில் இருக்கும் 25 சிறு வினாக்களுக்கும் தலா 2 புள்ளிகள் உண்டு என்பதால், அவற்றை இலக்கு வைத்துப் பயிற்சி கொடுத்தால் சிலரைக் கரைசேர்த்துவிடலாம் என்பது கணக்கு. சிலர் கரைசேரவும் செய்கிறார்கள், அதற்காக உழைப்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஐந்து ஆண்டுகள் கற்பிக்காததை ஐந்து வாரங்களில் ஈடுசெய்ய முடியும் என்று ஒரு கல்வி நிர்வாகம் திட்டமிடக் கூடாது. அப்படி 35 புள்ளிகளுடன் சித்தியடையும் பிள்ளை உயர் தரத்தில் கணிதப் பிரிவையோ விஞ்ஞானப் பிரிவையோ நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்ற பேச்சை அலுவலகங்களிலும், ஆசிரியர் ஓய்வறைகளிலும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதைச் சொல்பவர்கள் சம்பள நாளில் ஒரு லயன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு, சென்று பார்க்கட்டும். அம்மாவின் சம்பளத் துண்டை வைத்துக்கொண்டு, எத்தனை நாள் முழுப்பேர் (முழுநாள் கூலி), எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் கூலி), கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு, தொழிற்சங்கத்துக்கு எவ்வளவு, தீபாவளி முற்பணத்தில் இந்த மாதம் எவ்வளவு பிடித்தார்கள், கைக்கு வந்த தொகை சரிதானா என்று கூட்டிக் கழித்துச் சொல்வது பெரும்பாலும் அந்த வீட்டில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைதான். வீதமும் விகிதமும் கழித்தலும் அந்தப் பிள்ளையின் நாளாந்த வாழ்க்கையில் இருக்கின்றன. தரம் 11 பாடநூலில் பங்குகளும் பங்கிலாபமும் பற்றிய பாடம் ஒன்று உண்டு. கொழும்புப் பங்குச் சந்தையில் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகளும் விற்று வாங்கப்படுகின்றன. அந்தப் பாடத்தை ஒருவர் விளங்கக் கற்பித்தால், தங்கள் தாய்மார் பறிக்கும் கொழுந்து எங்கே இலாபமாகிறது என்பதையும் சேர்த்தே அந்தப் பிள்ளைகள் கற்பார்கள்.

இந்த இடைவெளி நேற்று உண்டானதன்று. இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. ஆரம்ப வகுப்புகளுக்கு அப்பால் அங்கே படிப்பு இருக்கவில்லை. எழுபதுகளில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மூன்று தசாப்தங்கள் பிந்தித் தொடங்கிய ஒரு சமூகத்துக்கு, மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால்தான் சமமாகும். நடந்தது வேறு. ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்கவென்று 2014இல் உயர் தரம் சித்தியடைந்த இளைஞர்களை ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்க முடிவாகியபோது, மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் அது 10,000 ஆனது. பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்பட அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த இளைஞர்களின் அர்ப்பணிப்பை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் வேறெந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்காவது, பயிற்சி பெறாத ஒருவரை, ஒரு தொழிலாளியின் வருமானத்துக்கும் குறைந்த கொடுப்பனவில் நிறுத்தி, இதுதான் உங்கள் ஆசிரியர் என்று அரசு சொல்லியிருக்குமா என்ற கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. 2017இல் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இந்தியாவிலிருந்து ஆசிரியர்களைத் தருவிக்கும் யோசனை எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. பற்றாக்குறையை யாரும் மறுக்கவில்லை என்பது மட்டும் அந்த விவாதத்தில் தெளிவாயிற்று.

வெளி மாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வருகிற கணிதப் பட்டதாரிகள் ஓரிரு ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் செல்வதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பிரதான வீதியில் பேருந்தை விட்டிறங்கி மலைப்பாதையில் மைல் கணக்கில் நடக்க வேண்டிய பாடசாலையில், தங்குவதற்கு ஓர் அறையும் இல்லாமல், குடும்பத்தைப் பிரிந்து எத்தனை காலம் ஒருவர் இருப்பார்? ஆசிரியர் விடுதி ஒன்று கட்டிக்கொடுத்தால் அவர் இன்னும் சில ஆண்டுகள் இருக்கக்கூடும். அதைவிட நிலையான வழி, அந்தந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளையே கணித ஆசிரியராக்குவது. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் தேவையை மனத்தில் கொண்டே உருவாக்கப்பட்டது. ஆனால் கணித நெறிக்கு அங்கே செல்ல ஒரு பிள்ளை முதலில் சாதாரண தரத்தைத் தாண்டி, உயர் தரத்தில் கணிதம் படித்திருக்க வேண்டும். இன்று தரம் 8இல் ஆசிரியர் இல்லாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைதான் பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதே கதைதான். அனுமதி இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிட வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை தரம் 5உடனோ தரம் 11உடனோ முடிந்துவிடுகின்றன. உயர் தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் தமிழ்மொழிமூலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாவட்டத்தின் பின்தங்கிய நிலைக்குக் காரணமாக இருப்பது லயன் வீட்டுப் பிள்ளை. அந்த நிலையால் கிடைக்கும் சலுகையை அடைவதோ நகரத்துப் பாடசாலைகளில் படித்த வேறொருவர். இதைத் திருத்துவது உங்கள் ஒருவரால் ஆகக்கூடியதன்று என்பதை அறிவேன். தரம் 6இல் ஓர் ஆசிரியரை நிறுத்துவது உங்களால் ஆகும்.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவர்களை அனுப்பும் மலையகப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் ஒருவரைத் தாருங்கள். ஒரே வலயத்துக்குள் நகரப் பாடசாலையில் தேவைக்கு மிகுதியாகக் கணித ஆசிரியர்கள் இருக்க, தோட்டப் பாடசாலையில் ஒருவரும் இல்லாத நிலை இருந்தால், புதிய நியமனங்களுக்காகக் காத்திராமல் அதை முதலில் சீர்செய்யுங்கள். வேறு பாட ஆசிரியர் கணிதப் பாடவேளையைப் பொறுப்பேற்றிருப்பதை வெற்றிடமாகவே கணக்கிடுங்கள். ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் அதிபர்களிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதங்களைத் தயவுசெய்து மீளப் பெறுங்கள். அவர்களால் தரக்கூடிய விளக்கம் ஏற்கெனவே உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

பரீட்சைப் பெறுபேறுகள் பாடசாலைவாரியாக அலசப்படுகின்றன. அதேபோல, எந்தப் பாடசாலையில், எந்த மொழிமூலத்தில், எந்தத் தரங்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை, எத்தனை மாதங்களாக இல்லை என்ற விபரத்தை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பு, பெற்றோர் பார்க்கும்படி ஒவ்வொரு வலய அலுவலகத்திலும் ஒட்டிவைக்குமாறும், ஒவ்வொரு வெற்றிடமும் நிரப்பப்படும் திகதியை அதன் எதிரே குறிப்பிடுமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மலையகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்