அழுகிறவர்களை அழ விடுங்கள்: திருகோணமலைப் போதகர்மாருக்கும் குருமாருக்கும் ஒரு திறந்த மடல்

கனம்பொருந்திய போதகர்மாரே, குருமாரே, சபை மூப்பர்களே,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

உவர்மலை இறக்கத்திலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் மின்கம்பங்களில் மறுபடியும் பதாகைகள் ஏறிவிட்டன. "மெய்ச் சமாதானம் வேண்டுமா? இன்றே வாருங்கள்" என்கிறது ஒன்று. "மூன்று இரவுகள், முழுமையான விடுதலை" என்கிறது அடுத்தது. இன்னொன்றில் பிரசங்கியாரின் முகம் சிலுவையைவிடப் பெரிதாக இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் செய்திக்கு எதிராக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்து கொடுக்கிற சமாதானம் உண்மை என்று அறிந்தவள் நான். அது இல்லாதிருந்தால் 1990இல் ஊர் கலைந்த பிறகு இங்கே திரும்பி வந்து, அதே வீட்டுக் கதவைத் திறந்து, அதே பாடசாலையில் மறுபடியும் வெண்கட்டியைக் கையில் எடுத்திருக்க என்னால் முடிந்திராது. எனக்கு வருத்தம் எல்லாம், அந்தச் சமாதானத்தை நீங்கள் கூவிக் கொடுக்கிற முறையில்தான்.

அண்மையில் ஓர் எழுப்புதல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்தச் சபை என்பது தேவையில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பல காலமாகத் தெரியும். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில், இரவில் வந்தவர்கள் அவருடைய மகனை விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிப் வைத்த உறை போட்ட வேதாகமம் ஒன்று அவரிடம் இருக்கிறது. உறையின் உட்பக்கத்தில் மகனின் படம். பிளாஸ்ரிக் ஒட்டிய ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் புகுந்து, பையனின் ஒரு பக்கத் தோள் மங்கிப்போயிருக்கிறது. படத்துக்குப் பின்னால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழு ஒன்றில் சாட்சியம் சொன்னதற்கான துண்டு, இன்னும் இரண்டு மூன்று கடதாசிகள். மடித்து மடித்து இற்றுப்போன இடங்களில் ஒட்டுநாடா போட்டிருக்கிறார்.

பாரம் சுமக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள், இந்த நிமிடமே சமாதானம் என்றார் மேடையில் நின்றவர். அம்மா கையை உயர்த்தினார். ஊழியக்காரத் தம்பி ஒருவர் வந்து தலையில் கை வைத்து, என்ன பாரம் என்று கேட்டார். அம்மா சிப்பைத் திறந்து படத்தைக் காட்டினார். தம்பி அதைக் கையில் வாங்கவில்லை. "மகனைக் கர்த்தருடைய கரத்தில் ஒப்புக்கொடுத்துவிடுங்கள் அம்மா. இனி இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு ஜெபித்தார், நன்றாகவே ஜெபித்தார். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் அந்த அம்மா என்னிடம் கேட்டது இது: "ரீச்சர், எனக்கு விசுவாசம் காணாதா?"

அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களைத்தான் கேட்கிறேன். சோதோமின் அழிவைத் திரும்பிப் பார்த்த ஒருத்தியின் கதையைக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாயின் தலையில் வைக்கலாம் என்று எந்த வேதாகமப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள்? உதாரணம் வேண்டுமானால் ஆதியாகமம் 37ஐத் திறந்திருக்கலாமே. யோசேப்பைக் காணவில்லை. இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கொண்டுவந்து தகப்பனிடம் காட்டுகிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால், செத்துவிட்டான் என்று கையில் ஓர் அத்தாட்சியைக் கொடுக்கிறார்கள். அந்த அத்தாட்சி பொய். பிள்ளைகள் எல்லாரும் ஆறுதல் சொல்ல வந்து நிற்கிறார்கள். அவர்களில் பொய் சொன்னவர்களும் இருக்கிறார்கள். யாக்கோபு "ஆறுதலுக்கு இடங்கொடாமல்" இருந்தான் என்கிறது வேதம். ஏறத்தாழ 22 ஆண்டுகள் அப்படி இருந்தான். அவனுக்கு விசுவாசம் குறைவு என்று எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லவில்லை, எந்த அப்போஸ்தலனும் எழுதவில்லை. கடைசியில் பார்த்தால் பிள்ளை உயிரோடு இருந்தான்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படித் திரும்பி வருவார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவும் அப்படிச் சொல்வதில்லை. உண்மை தெரியாமல் துக்கத்தை முடித்துக்கொள் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த வேதத்தில் ஆதாரம் கிடையாது என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்துத் திருச்சபைக்கு இது வெளியார் கதையும் அல்லவே. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பிலும் படிப்பித்த யேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூடப்போன தமிழ் இளைஞரும் அவரும் போய்ச் சேரவேயில்லை. இருவருக்கும் கல்லறை கிடையாது. அடிகளாரிடம் கூடைப்பந்து பழகியவர்கள் அவருடைய படத்தை இன்றைக்கும் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கழற்றுங்கள், விசுவாசம் உள்ளவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவர்களிடம் யாராவது போய்ச் சொல்வீர்களா?

எரேமியா காலத்திலும் இப்படிப்பட்ட ஊழியம் நடந்திருக்கிறது. "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி", ஜனங்களின் காயங்களை "மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்" என்று ஆறாம் அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுகிறார். அங்கே கண்டிக்கப்படுகிறவர்களில் ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் உண்டு. அதிகாரம் முழுவதையும் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

நீங்கள் பதாகைகளில் போடுகிற வசனங்களையே எடுத்துக்கொள்வோம். "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று இயேசு சொன்னது எந்த இரவு? காட்டிக்கொடுக்கிறவன் மேசையை விட்டு எழுந்து போய்விட்டான். பிடிக்க வருகிறவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியது காவலில் விலங்கோடு இருந்து. அந்த வசனத்துக்கு முந்திய வசனத்தை நீங்கள் அச்சிடுவதே இல்லை. "உங்கள் விண்ணப்பங்களை" தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறது அது. கேட்கச் சொல்கிறது, ஐயாமாரே. மகன் எங்கே என்று கேட்பதும் விண்ணப்பம்தான். அப்படிக் கேட்கிறவளின் இருதயத்தைக் காத்துக்கொள்வதற்குத்தான் ஏழாம் வசனத்தின் சமாதானம் வருகிறது. ஆறாம் வசனத்தை வெட்டிவிட்டு ஏழாம் வசனத்தை மட்டும் கொடுத்தால், கேட்காமல் இருப்பதுதான் சமாதானம் என்று ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட சமாதானம் யாருக்கு வசதி என்பதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

2019ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் குண்டுகள் வெடித்தன. சீயோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, நாடெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் பொதுத் திருப்பலி இல்லை; கர்தினால் தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பலியை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். பாஸ்காக் காலத்தின் இரண்டாம் ஞாயிறுக்குரிய நற்செய்தி எந்த ஆண்டும் மாறுவதில்லை: யோவான் 20. சீடர்கள் பயத்தினால் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்த வாசகத்தைக் கேட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். அந்த நாளின் வாசகம் அளவுக்கு எதுவும் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அங்கே இயேசு என்ன செய்கிறார்? ஏன் பயந்தீர்கள், ஏன் பூட்டினீர்கள் என்று கேட்கவில்லை. "உங்களுக்குச் சமாதானம்" என்கிறார். சொன்ன கையோடு தம்முடைய கைகளையும் விலாவையும் காட்டுகிறார். உயிர்த்தெழுந்த உடம்பில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது. தோமா அதைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தபோதும், எட்டு நாள் கழித்து அவனுக்காகவே மறுபடியும் வந்து, தொட்டுப் பார் என்றார். காயத்தைக் காட்டிச் சமாதானம் சொன்னவருடைய ஊழியக்காரர்கள், ஒரு தாய் காட்டிய படத்தைக் கையில் வாங்க மறுக்கலாமா?

கடல் வந்த 2004 டிசம்பர் 26ம் ஞாயிற்றுக்கிழமைதான். நத்தாருக்கு மறுநாள். கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் சடலங்களை எடுத்து முடிக்கும் முன்னரே, இது தேவகோபம் என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளாய் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே மடக்கிக் கேட்டிருக்கிறார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இன்னொன்று, ஒலிபெருக்கி. கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கு, தேவாலய மணி எல்லாம் ஒன்றாகக் கேட்கும் ஊர் என்று எழுதாமல் திருகோணமலையைப் பற்றி யாரும் கட்டுரை முடிப்பதில்லை. எனக்கு அந்த வரி வேண்டாம். பிரெட்ரிக் கோட்டை வாசலில் போய் நின்று பாருங்கள். கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு அங்கே கோட்டை கட்டினார்கள். இடித்தவர்கள் கழுத்தில் சிலுவை இருந்தது. பின்னர் ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், அந்தக் கற்கள் அங்கேயே இருக்கின்றன. அந்த வாசலைக் கடந்து நாள்தோறும் கோவிலுக்குப் போகிற சனங்களுக்குக் கேட்கும்படியாக, உங்களிடம் சமாதானம் இல்லை என்று இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் அலற நமக்கு உரிமை இருக்கிறதா என்று யோசியுங்கள். கிறிஸ்து பகையின் நடுச்சுவரைத் தகர்த்தார் என்று எபேசியரில் இருக்கிறது. அதைப் பிரசங்கிக்கிறவர்கள் புதிதாக ஒன்றைக் கட்டக்கூடாது.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் என்று சொல்கிறவர்களுக்கு ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் பண்ணிவிட்டு மனநலக் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். குளிசையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று மேடையில் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். உயிர் போய்விடும்.

அப்படியானால் சமாதானம் எங்கேதான் கிடைக்கும் என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். எனக்குக் கிடைத்த இடத்தைச் சொல்கிறேன். 1990இல் ஊர் கலைந்து அகதி முகாமில் இருந்தபோது எங்களோடு ஒரு மூப்பர் இருந்தார். பெரிய படிப்பு இல்லாதவர், மீன் வியாபாரம் செய்தவர். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. பொழுதுபட்டதும் பாயை விரித்து ஒரு சங்கீதம் வாசிப்பார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்கிற பதின்மூன்றாம் சங்கீதத்தை வாசிப்பார். எண்பத்தெட்டாம் சங்கீதத்தையும் விடமாட்டார். அதன் முடிவில் இருள்தான் இருக்கிறது, ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. வாசித்துவிட்டு, முகாமில் யார் யாரைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். ஊர்ப்பெயரோடு சொல்வார், ஒன்றும் தவறாது. எங்களோடு இருந்த சைவக் குடும்பங்களும் தங்கள் பிள்ளைகளின் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவற்றையும் சேர்த்துக்கொண்டார். சமாதானம் என்ற சொல்லை அவர் வாயில் நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் அந்த ஜெபம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு நித்திரை வந்தது. என் அண்ணனின் பெயரை அந்தப் பாயில் சொல்லக் கேட்ட இரவில், அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் தேவனுக்குத் தெரியும் என்பது எனக்குள் நிலைத்தது. அண்ணன் இன்னும் வரவில்லை. நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த உறுதியும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆகவே ஒரே ஒரு காரியத்தைக் கேட்கிறேன். ஆகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள். அதற்கு முந்திய ஞாயிறு, மெதடிஸ்த, கத்தோலிக்க, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடு பாராமல் உங்கள் எல்லா ஆலயங்களிலும், மன்றாட்டு நேரத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசியுங்கள். தாய்மார் படங்களைக் கொண்டுவந்தால் பீடத்தின் முன்னால் வைக்க இடம் கொடுங்கள். பிரசங்கம் பத்து நிமிடம் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகாது. கிறிஸ்தவர் அல்லாத குடும்பம் ஒரு பெயரைக் கொண்டுவந்தால் அதையும் வாசியுங்கள்; அதற்குப் பதிலாக அவர்கள் கையில் துண்டுப்பிரசுரம் திணிக்க வேண்டாம். பெயர் எழுத ஒரு கொப்பியை யூலை மாதமே ஆலய வாசலில் வைத்துவிட்டால் நல்லது. மூதூர், சம்பூர்ப் பக்கத்து அம்மாமாருக்கு எந்த ஆலயம், எத்தனை மணி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர்கள் நேரத்துக்கு வந்து சேர முடியும்.

கிறிஸ்துவின் பணியில்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
உவர்மலை, திருகோணமலை