காரணம் நானா? மெடிக்கல் போர்டுக்கும் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

படைவீரர்களின் டிஸ்எபிலிட்டி பென்ஷனை (ஊன ஓய்வூதியத்தை) தீர்மானிக்கும் டாக்டர்களுக்கும், மேல்முறையீடுகளைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும், வணக்கம்.

நான் 24 வருஷம் படையில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். வேலூர் பக்கம் ஒரு கிராமம். இங்கே வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன தெருக்கள் உண்டு, அதனால் பென்ஷன் பேப்பர் எழுதித் தரச் சொல்லி யாராவது வாசலுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். விரல் போனவர், காது கேட்காதவர், முதுகு விட்டுப்போனவர் என்று நிறையப் பேருக்கு எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் கிடைத்தும் இருக்கிறது. மனம் உடைந்து வந்தவர்களுக்கு எழுதும்போதுதான் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

2024 மாசியில் எதிர்வீட்டு அக்கா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். மகன் சிப்பாய், பதினொரு வருஷ சர்வீஸ், மனநோய் என்று மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பைக்குள் டிஸ்சார்ஜ் புக், மாத்திரைச் சீட்டுகள், அப்புறம் பிரிக்காத ஒரு பழுப்பு உறை. ஐந்து மாதமாக அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில், மடித்துவைத்த யூனிஃபார்முக்கு அடியில் கிடந்திருக்கிறது. பென்ஷன் இல்லை என்று வந்த கடிதம் அது. அதை எதிர்த்து முதல் மேல்முறையீடு செய்யக் கெடு ஆறு மாதம். சர்க்கார் முத்திரையைப் பார்த்தாலே கை நடுங்குகிற பையன் அந்த உறையைக் கிழித்து, படித்து, தேதி எண்ணி, தன் புத்தி சரியில்லாமல் போனது எப்படி என்று தானே வாதாடி எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். கால் இல்லாதவரை மாடிக்கு ஏறி வந்து மனு கொடுக்கச் சொல்வது போல இருக்கிறது இது.

அந்த வீட்டில் ராத்திரி நடப்பதைச் சொல்கிறேன். இரண்டு மணிக்கு எழுந்து மொட்டை மாடி மூலையில் போய் நிற்பான். சுவரில் சாயமாட்டான், பீடி குடிக்கமாட்டான், பேசமாட்டான். சரியாக நாலு மணிக்குக் கீழே வந்து, காலேஜ் படிக்கும் தம்பியின் தோளைத் தட்டி "உன் டியூட்டி" என்பான். அவன் எழுந்து போய் மாடியில் உட்கார்ந்தால்தான் இவன் படுப்பான். எழ மறுத்த அன்று விடிய விடிய இவனே நின்றிருக்கிறான். இப்போது தம்பி மறுப்பதில்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறான்.

இந்தக் காவலை அவன் எங்கே கற்றான்? காஷ்மீரில், தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்த இரண்டரை வருஷத்தில். ஆனால் நோய் என்று டாக்டர் எழுதியது அங்கிருந்து இறங்கி, பீஸ் ஸ்டேஷனுக்கு வந்த ஏழாவது மாதம். போர்டு அந்தத் தேதியை மட்டும் பிடித்துக்கொண்டது. "அமைதிப் பகுதியில் தொடங்கியது, படைப்பணியால் வந்ததல்ல, படைப்பணியால் மோசமானதும் அல்ல." முடிந்தது. இதை ஆங்கிலச் சொற்களின் (Neither Attributable Nor Aggravated) முதலெழுத்தைச் சேர்த்து 'நானா' (NANA) என்று சுருக்கிச் சொல்வது படையில் வழக்கம். நானும் கிளார்க்காக இருந்த காலத்தில் எத்தனையோ ஃபைலில் அந்த நாலெழுத்தை டைப் அடித்திருக்கிறேன், அப்போதெல்லாம் அது வெறும் சுருக்கம்தான். அந்தக் கடிதத்தை அக்காவுக்குத் தமிழில் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அந்த ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னான். "நானா? காரணம் நானா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

டாக்டர்களே, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. ஆபத்து நடுவில் இருக்கும்போது மனிதன் தாங்கிக்கொள்வான், உடம்பும் மனசும் அதற்கென்று இறுகிக்கொள்ளும், பத்திரமான இடத்துக்கு வந்தபிறகுதான் உடையும். பல பேருக்கு இது மாதங்கள் கழித்து வருகிறது, சிலருக்கு வருஷங்கள் கழித்து. உங்கள் கையில் இருக்கும் ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலே மனநோய்க்குக் கலகப் பகுதி, உயரமான மலைப்பகுதி, தனித்துக் கிடக்கும் போஸ்ட் இவற்றையெல்லாம் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நோய் கண்டுபிடித்த இடத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் அவன் எங்கிருந்து வந்தான் என்று ஒரு பக்கம் திருப்பிப் பார்க்காமல் விட்டால் அந்த நூலுக்கு என்ன பயன்? யூனிட்டிலிருந்து வந்த அறிக்கையில் "குடும்பப் பிரச்சினை இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதிய அதிகாரி அந்த யூனிட்டுக்கு வந்தே மூன்று மாதம்தான். அந்த வரியை நம்பிய போர்டு, போஸ்டிங் பட்டியலை நம்பவில்லை.

அவன் 2023 செப்டம்பரில் இந்தப் பென்ஷனுக்குப் புது விதிகள் வருவதற்கு முன்பே வெளியே வந்தவன், ஆகவே அந்தப் புது விதிகள் அவனுக்குப் பொருந்தாது. சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால் நல்ல ஆரோக்கியத்தோடுதான் சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும், பிறகு வந்த கேடு பணியால் வந்தது என்று கொள்ள வேண்டும், நிரூபிக்கும் சுமை வீரன் மேல் இல்லை, சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கே. இதைத்தான் 2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் என்ற வீரரின் வழக்கில், 1982ஆம் ஆண்டு விதிகளை வைத்து, உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மறுபடி 2025 மே 7 அன்று, மனச்சிதைவு என்று அனுப்பப்பட்ட இன்னொரு வீரரின் வழக்கில், போர்டு காரணம் எழுதியே ஆகவேண்டும், காரணம் இல்லாத கருத்தை வைத்துக்கொண்டு பென்ஷனை மறுக்கக் கூடாது என்று சொன்னது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஆடியில், எங்கள் முதல் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. அதே வரி. கமா கூட மாறவில்லை.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், ஊனத்தை 50 சதவீதமாகக் கணக்கிட்டால் அதில் பாதி. 40,000 ரூபாய் வாங்கியவனுக்கு மாதம் 6,000. அவ்வளவுதான் கேட்கிறோம். அக்காவுக்கு அந்த 6,000 ரூபாயைவிட, "இது இவன் செய்த வேலையால் வந்தது" என்று சர்க்கார் காகிதத்தில் ஒரு வரி வேண்டும். ஊரில் "எதுவோ பிடித்திருக்கிறது" என்று பேசுகிறார்கள், பெண் கொடுத்தவர்கள் பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாவது மேல்முறையீடும் போனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவோம். அங்கே ஜெயிப்போம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜெயித்தபிறகும் உயர் நீதிமன்றம் வரை இழுக்கிறீர்களே, அதுதான் பயமாக இருக்கிறது. 2015இல் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது அமைத்த நிபுணர் குழு, ஊனமுற்ற வீரர்களுக்கு எதிராக இப்படி வழக்கு நடத்துவதை நிறுத்தச் சொல்லித்தான் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வக்கீல் வைக்க வசதி உள்ளவர் இழுத்துப் பிடிப்பார். அக்கா கறவை மாட்டை விற்றாயிற்று, அடுத்து விற்க ஒன்றும் இல்லை.

மனநோய் ஃபைல்களில் ஆறு மாதக் கெடுவைக் காட்டி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். மறுப்பதாக இருந்தால் ஏன் என்று நாலு வரி உங்கள் கையால் எழுதுங்கள், கடிதத்தை வீட்டில் உள்ள இன்னொருவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அவனுடைய இரண்டாவது மனுவை ஐப்பசியில் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். நான்காம் பக்கத்தில் போஸ்டிங் பட்டியலும், ஒன்பதாம் பக்கத்தில் ராத்திரிக் காவலைப் பற்றித் தம்பி எழுதிய கடிதமும் இருக்கின்றன. அந்த இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு முடிவை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார் கிளார்க்