மழைக்கு முன் ஒருமுறை மாடியேறிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இடிப்பையும் தீயையுமே பேசுகிறார்கள். 1985-இல் எரிந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கியவன் என்ற முறையில் அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் கட்டட வேலைகளை மேற்பார்த்தே காலம் கழித்த எனக்கு, மொட்டை மாடியில் அடைபட்டுக் கிடக்கும் மழைநீர்க் குழாய்தான் அதைவிடப் பெரிய பகையாகத் தெரிகிறது.

இந்நகரின் பழைய கூரைகள் பலவும் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் அமைந்தவை. தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் போட்டு, அவற்றின்மேல் சிறிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதற்கும்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டை ஓடுகளைப் பாவி முடிப்பார்கள். தண்ணீர் தேங்காத வரையில் இக்கூரை நூறாண்டு தாண்டியும் நிற்கும். குழாய் அடைத்துக்கொண்டாலோ, கைப்பிடிச்சுவர் இடுக்கில் காக்கை எச்சத்திலிருந்து அரசஞ்செடி முளைத்து, அதன் வேர் காரையைப் பிளந்து, கசிவு உள்ளிறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனை உளுத்துப்போகும். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குக் கட்டை முழுதாகவே தெரியும்.

கசிவு தெரிந்தபின் செய்யும் வைத்தியமும் பல இடங்களில் கேடாகவே முடிகிறது. சுண்ணாம்புப் பூச்சு தான் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு விழும். நான் பணிபுரிந்த ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் இந்தத் தவற்றை முன்னின்று செய்வித்தவனே நான்தான். கட்டட வேலைகளுக்கான விலைவிகிதப் பட்டியலில் சுண்ணாம்பு வேலைக்கு இடமில்லை என்றார்கள், நானும் வாதாடவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் பூச்சு விழுந்தது.

உயர் நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டி 467 பாரம்பரியக் கட்டடங்கள் கொண்ட பட்டியலும், அவற்றைக் கவனிக்கச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் ஒரு பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் நமக்குக் கிடைத்தன. பெரும் பேறுதான். ஆனால் இடிக்கவோ மாற்றவோ ஒருவர் முனையும்போதுதான் அந்தப் பட்டியல் நம் நினைவுக்கு வருகிறது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் சென்று தடுத்தது. அதன்பின் பாதி இடிபட்ட அச்சுவர்கள் எத்தனை வடகிழக்குப் பருவமழையை நனைந்தே கழித்தன!

கைவேலை தெரிந்தவர் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தில் 2012-இல் தீக்கிரையான கலச மஹாலையும், அதன் அருகே பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித்துறை சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டெடுத்துள்ளது. அந்தக் கொத்தனார்களைக் கொண்டு இளையவர்களைப் பழக்கலாம். பாழான பின் மீட்பதற்குக் கோடிகள் வேண்டும். குழாயைத் துப்புரவு செய்து செடியை வேரோடு களைய இரண்டு ஆட்களின் ஒருநாள் கூலி போதும்.

ஆகவே, பட்டியலிலுள்ள ஒவ்வொரு கட்டடத்தின் மாடியையும் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு பொறியாளர் ஏறிப் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் என்றும், அக்குறிப்பைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் தங்கள் இதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ஜார்ஜ் டவுனின் தனியார் வீடுகளைப் போன்றவற்றில் செலவுக்கு அஞ்சி உரிமையாளர்கள் கதவைத் திறக்கத் தயங்கக்கூடும். சுண்ணாம்பு கொண்டு பழுதுபார்க்கும் உரிமையாளர்களுக்குச் சொத்துவரியில் ஒரு கழிவு அறிவித்தால் அந்தத் தயக்கம் குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.