அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

வாகனப் பதிவையும் பரிசோதனையையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு, பினாங்கு பாலிக் புலாவிலிருந்து வணக்கம்.

என்ஜின் மாற்றிய காரைப் பதிவு செய்ய எத்தனை படி ஏறவேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என்னுடையது 1996ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5. நான்கு பேர் ஏறிவிட்டால், துன் சார்டோன் சாலை மேட்டில் ஏர்கோனை அணைத்துவிட்டு இரண்டாம் கியரில் திணறும். அதன் 4ஜி15 என்ற 1.5 லிட்டர் என்ஜினை இறக்கி, ஹாப்கட் கடையில், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையில் வாங்கிய 4ஜி93 என்ற 1.8 லிட்டர் என்ஜினை ஏற்றினேன். 1.8 என்ஜினோடு வீராவை புரோட்டோனே விற்றிருக்கிறது, புதுமை ஒன்றுமில்லை. பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றிவிட்டேன். புது என்ஜினைக் கிரானில், அதாவது வாகன உரிமைப் பத்திரத்தில், முறையாக ஏற்றவேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

முதல் நாள், என்ஜின் நம்பர் தெரியவில்லை என்றார்கள். உண்மைதான், கிரீஸ் இறுகிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நம்பரைத் திருத்திவிட்டான் என்ற சந்தேகம் வரும். அதனால் பழைய பல் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வோர் எழுத்தாக இரவு பதினொரு மணிவரை துடைத்தேன். இரண்டாம் முறை நம்பர் சரி, ஆனால் கடை ரசீதின் அசல் வேண்டும். மூன்றாம் முறை அசலோடு போனேன், சுங்கப் பத்திரத்தின் நகல் எங்கே என்றார்கள். நான்காம் முறை வேறொரு முகப்புக்கு (கவுண்டருக்கு) அனுப்பினார்கள். அங்கே மறுபடி முதலிலிருந்து கேள்வி.

நான்கு நாள் விடுப்பு போயிற்று. கிரானில் இல்லாத என்ஜினோடு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் இழுவை லாரிக்கு வேறு அழுதேன்.

என்னென்ன வேண்டும் என்ற முழுப் பட்டியலை முதல் நாளே கொடுத்திருக்கக் கூடாதா? நான் கேட்பது அது ஒன்றுதான்.

பழைய என்ஜினின் 1468 சிசிக்கு ஆண்டுச் சாலை வரி 90 வெள்ளி (ரிங்கிட்). புதியதன் 1834 சிசிக்கு 297. கூடுதல் 207 வெள்ளியைக் கட்டத் தயாராக வந்து நிற்பவனை இப்படிப் பந்தாடினால், யார்தான் முறையாகப் பதிய வருவார்கள்? என் பட்டறைக்காரரே, "பேசாமல் ஓட்டுங்கள் அண்ணே" என்கிறார். அப்படி ஓட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பின் இருக்கையில் என் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தேவையான பத்திரங்களின் பட்டியலை எல்லா முகப்புகளிலும் ஒரே மாதிரி ஒட்டுங்கள். வரும் திங்கட்கிழமை ஐந்தாம் முறையாக வருகிறேன். அதற்குள் முடியாவிட்டால், முகப்பில் இருப்பவர் ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாலும் போதும், ஐயா.